எல்லைக்கு இருபுறமும் குத்தகை நிலம்: குத்தகைக்காரர் விட மறுத்தால் என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை வாசகி ஒருவரின் கேள்வி: "அப்பா 2016-இல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு வாய்ப்பேச்சில் ஐந்து வருடக் குத்தகைக்கு நிலம் விட்டார். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இரண்டு ஏக்கர், எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் ஒன்றரை ஏக்கர். இரண்டுக்கும் சேர்த்து வருடம் 60,000 ரூபாய். 2023-இல் அப்பா காலமானார். அதற்குப் பிறகு பணமும் வரவில்லை, நிலத்தையும் விடவில்லை. 'நான் குடியான் (குத்தகைக்காரர்), பட்டயம் (நில உரிமைச் சான்று) எனக்குத்தான்' என்கிறார். நாங்கள் என்ன செய்வது?"

பேச்சு ஒன்றாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இவை இரண்டு குத்தகைகள். எல்லைக்கு ஒரு பக்கம் உங்களுக்குப் பலமாக நிற்கும் வாசகமே மறுபக்கம் உங்களைக் கவிழ்க்கும். எனவே எதை எழுதுவதற்கு முன்பும் எந்த சர்வே எண் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று தனித்தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பக்கத்து இரண்டு ஏக்கரில் நீங்கள் பயப்பட வேண்டாம். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு 1964 ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிய குத்தகை உரிமை உண்டாக்குவதைத் தடுக்கிறது. ராணுவத்தினர், கடலோடிகள் போன்ற சிலருக்கு மட்டும்தான் விலக்கு. ஆகவே 2016-இல் பேசிய குத்தகை செல்லாது. செல்லாத குத்தகையிலிருந்து குடியான் உரிமை பிறக்காது. பட்டயம் என்பது 1970 ஜனவரி 1 அன்று நில உடைமையாளரின் உரிமை அரசுக்குப் போனபோது, அதற்கு முன்பே குடியானாக இருந்தவர்களுக்காக ஏற்பட்ட வழி. இன்றைக்கு உழுகிறார் என்பதற்காக அது கிடைக்காது.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கு போட்டதும் "எங்கள் தாத்தா காலத்திலிருந்தே பாட்டம் (குத்தகை)" என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். குத்தகை உரிமை பற்றிய கேள்வி உண்மையாகவே எழுந்தால், 125-ஆம் பிரிவின்படி சிவில் நீதிமன்றம் அதை நிலத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை வழக்கு நிற்கும், வருடங்கள் போய்விடும். இதைத் தடுக்க, அவர் நுழைந்தது 2016-இல்தான் என்பதை முதல் நாளே காட்டிவிட வேண்டும். அவர் அப்பாவின் கணக்கில் பணம் போட்டிருந்தால் அந்த வங்கி விவரம், கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகம்) பாட்டக் கிருஷி, அதாவது குத்தகை விவசாயம் என்று அவரே கையெழுத்திட்ட விண்ணப்பம் ஏதும் இருந்தால் அதன் நகல், 2015 வரை அப்பா பெயரில் இருந்த பயிர்க்கடன், கரம் (நிலவரி) கட்டிய ரசீதுகள் எல்லாம் சேருங்கள். வாட்ஸ்அப் செய்திகளை நீதிமன்றத்தில் கொடுக்க அதற்குரிய மின்னணுச் சான்றும் வேண்டும். வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது.

இவற்றோடு, உரிமையின் அடிப்படையில் நிலத்தைத் திரும்பப் பெறவும், கடந்த மூன்று வருட நிலப் பயனுக்கு இழப்பீடு கேட்டும் சிவில் வழக்கு போடுங்கள். அம்மா, உடன்பிறந்தவர்கள் அனைவரையும் வாதிகளாகச் சேருங்கள். வாரிசுச் சான்று வாங்கி, போக்குவரவு (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்) செய்து, கரத்தை உங்கள் பெயரில் கட்டிவிடுவது அதற்கு முன்னால். காலக்கெடுவில் அலட்சியம் வேண்டாம்: அனுமதியோடு நுழைந்தவருக்கு எதிர் அனுபோகம் (நீண்ட காலம் வைத்திருந்ததால் நிலம் தனக்கே என்ற வாதம்) எளிதில் பேச முடியாதுதான். ஆனாலும் நுழைந்த நாளிலிருந்தே 12 வருடத்தை எண்ணி, 2028-இல் அந்த நாள் வருவதற்குள் வழக்கைப் பதிவு செய்துவிட்டால் அந்த வாதத்துக்கே இடமிருக்காது.

பொள்ளாச்சிப் பக்கம் கதை தலைகீழ். அங்கே 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வாய்ப்பேச்சுக் குத்தகையையும் காக்கிறது. ஐந்து வருடம் முடிந்துவிட்டது என்பது வெளியேற்றக் காரணம் ஆகாது. குத்தகைப் பாக்கி, நிலத்தைப் பாழாக்குவது, விவசாயமல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, நில உரிமையை வேண்டுமென்றே மறுப்பது ஆகியவைதான் காரணங்கள். மனுவை வருவாய் நீதிமன்றத்தில், அது இல்லாத இடத்தில் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் விஷயத்தை சிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் அதிகாரம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும். பாக்கியைக் காட்டி மனு போட்டாலும், கட்ட அவருக்கு அவகாசம் தரப்படலாம். கட்டிவிட்டால் அவர் நிலத்தில் தொடர்வார். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் விசாரித்து வையுங்கள்: அவரோ அவர் குடும்பத்தாரோ அந்த ஒன்றரை ஏக்கரில் உடல் உழைப்பு போடுகிறார்களா? முழுக்கக் கூலியாட்களை வைத்துச் செய்கிறார், அல்லது வேறொருவருக்கு மறுகுத்தகைக்கு விட்டு இடைத்தரகராக இருக்கிறார் என்றால் அவர் சாகுபடிக் குத்தகைதாரரே அல்ல. தென்னையில் காய் பறிக்கும் உரிமை மட்டும் கொடுத்திருந்தாலும் அப்படியே. அப்போது சிவில் வழக்குக்கு வழி திறக்கும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குத்தகை உரிமைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்திலும், அடங்கலில் (கிராமச் சாகுபடிக் கணக்கு) சாகுபடியாளர் பெயர் யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் பாருங்கள். பெயர் சேர்க்க அவர் மனு செய்து உங்களுக்கு அறிவிப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தவறவிடாமல் ஆட்சேபணை கொடுங்கள்.

எல்லையோரத்தில் பலரும் தவறுவது பணம் வாங்கும் இடத்தில். கேரள நிலத்துக்கு "குத்தகை" என்று ரசீது எழுதினால், செல்லாத குத்தகையை நீங்களே ஒப்புக்கொண்டதாக அவர் காட்டுவார். அங்கே "உரிமைக்குப் பாதகமின்றி, நிலப் பயன் இழப்பீடாக" என்று எழுதித்தான் வாங்க வேண்டும். தமிழ்நாட்டு நிலத்துக்கோ, அவர் கொடுக்கும் குத்தகையை நீங்கள் வாங்க மறுத்தால் அவர் அதை அதிகாரியிடம் செலுத்திவிடுவார், பாக்கி என்ற உங்கள் ஆயுதம் போய்விடும். எனவே 60,000 ரூபாயை நிலவாரியாகப் பிரித்து எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸும் இரண்டாகவே போகட்டும். ஒரே நோட்டீஸில் "குத்தகைதாரராகிய தாங்கள்" என்று இரண்டு நிலத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தமிழ்நாட்டு நோட்டீஸுக்கு அவர் "நிலமே எனக்குத்தான்" என்று எழுத்தில் பதில் கொடுத்தால், உரிமையை மறுக்கும் அந்தப் பதில் உங்களுக்கு இன்னொரு காரணம்.

ஆத்திரத்தில் டிராக்டரை இறக்குவது, மோட்டார் ஃப்யூஸைப் பிடுங்குவது எதுவும் வேண்டாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வழக்கு போட்டால், நிலம் யாருடையது என்று பார்க்காமலே அனுபோகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதற்குப் பதில் வழக்கோடு சேர்த்து வக்கீல் கமிஷனர் (நிலத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்) கேளுங்கள். பயிர், மரங்களின் எண்ணிக்கை, கிணறு, வேலி அப்படியே பதிவாகும்.

நிலத்தை நம்பி வாழ்பவர் அவரும்தான், பேசித் தீர்ப்பதில் தவறில்லை. கேரள வழக்கை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடித்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்ணுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணையும் தனியாகக் குறித்து, நிற்கும் பயிரை யார் அறுப்பது, எந்தத் தேதியில் நிலம் ஒப்படைப்பு, மோட்டாரும் ஸ்டார்ட்டரும் யாருடையது என்பதையும் எழுதி, சாட்சிகள் முன்னால் கையெழுத்து வாங்குங்கள்.