மணிலாவின் வட்டக் கல்லறை

கேள்வி: மணிலாவுக்குச் செல்லவிருக்கிறேன். ஸ்பானியர் காலக் கல்லறைகளில் எதைப் பார்க்கலாம்? அவை ஊருக்கு வெளியே அமைந்தது ஏன்?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: இறந்தவர்களைத் தேவாலயத் தரைக்கடியில் அடக்கம் செய்யும் வழக்கம் நோயைப் பரப்பும் என்று அஞ்சிய ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ், கல்லறைகள் ஊருக்கு வெளியே அமைய வேண்டும் என 1787இல் ஆணையிட்டார். அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

முதலில் மணிலாவின் பாக்கோ கல்லறையைப் பாருங்கள். வட்ட வடிவில் ஒன்றையொன்று சூழ்ந்த இரு தடித்த மதில்களைக் குடைந்து உருவாக்கிய மாடங்களில் உடல்களை வைத்து மூடினார்கள். மதிலின் மேற்புறத்திலோ உலாவும் பாதை அமைத்தார்கள். 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ஹோசே ரிசாலை ஸ்பானிய அதிகாரிகள் இங்கேதான் இரகசியமாகப் புதைத்தனர். இடத்தைத் தேடிக் கண்டுபிடித்த அவருடைய சகோதரி நார்சீசா, ரிசாலின் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் பொறித்த கல்லை அங்கு வைக்கச் செய்தார். 1898இல் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. 1872இல் கொல்லப்பட்ட கோமேஸ், புர்கோஸ், சமோரா ஆகிய மூன்று பாதிரியார்களும் இங்கு அடக்கமானவர்களே. 1912இல் அடக்கம் நின்றது. இன்று இது பூங்கா.

நேரமிருந்தால் லகுனா மாகாணத்தின் நக்கார்லான் ஊரிலுள்ள நிலத்தடிக் கல்லறைக்கும் செல்லுங்கள். என் கணக்கில் கட்டடக்கலையில் அதுவே மேலானது. பிரான்சிஸ்கன் துறவியர் 1845இல் கட்டிய அக்கல்லறையில், சிற்றாலயத்திலிருந்து படியிறங்கினால் நிலவறை மாடங்களை அடையலாம். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த இரகசிய அமைப்பான கத்திப்புனானின் புரட்சியாளர்கள் 1896இல் அங்கே மறைவாகக் கூடினர்.