விழுந்த காயமா, அடித்த காயமா?

அங்கன்வாடிப் பணியாளர்: ஓடியாடும் பிள்ளைக்கு உடம்பில் கன்றாமல் இருக்குமா? எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது?

முதலில் இடத்தைப் பாருங்கள். விழுந்து எழும் பிள்ளைக்கு முழங்கால், முழங்கை, நெற்றி என எலும்பு துருத்தும் இடங்களில்தான் கன்றும். காது, கழுத்து, வயிறு, முதுகு அப்படியல்ல. நாலு வயதுக்குள் அங்கே கன்றியிருந்தால் டாக்டர் பார்த்தாக வேண்டும். நாலு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு எங்கே கன்றினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. புரளக்கூடத் தெரியாத குழந்தை எதில் போய் இடித்துக்கொள்ளும்?

அடுத்தது தடம். ஸ்கேலோ பிரம்போ பட்டால் நடுவே வெளுத்து, இரு பக்கமும் இணைகோடாகச் சிவக்கும். மடித்த வயர் என்றால் கொக்கி வளைவு தெரியும். நிறத்தை வைத்து ‘இது மூணு நாள் பழசு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்களாலேயே அது முடியாது. பிறந்ததிலிருந்து இடுப்பிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலத்திட்டு காயமே அல்ல. நம் பிள்ளைகளுக்கு அது சகஜம். கன்றல்போல நாளுக்கு நாள் நிறம் மாறாது.

ஒரு பாட்டி: பேரனுக்கு இரண்டு பாதமும் வெந்திருக்கிறது. வெந்நீர் கொட்டிவிட்டது என்கிறார்கள்.

கொட்டிய நீர் தாறுமாறாக வழியும், தெறிக்கும். இரண்டு காலிலும் சாக்ஸ் போட்டதுபோல ஒரே உயரத்தில் கோடு நின்றால், முக்கிப் பிடித்தார்களா என்று கேட்டே ஆகவேண்டும். தானாகக் கால் வைத்தவன் வெடுக்கென்று எடுத்திருப்பான்.

ஆசிரியை: ஏழு வயதுச் சிறுமி திடீரென்று டியூஷன் போக அழுகிறாள், படுக்கையை நனைக்கிறாள். எப்படிக் கேட்பது?

இவை மட்டுமே ஆதாரமாகாது, ஆனால் விட்டுவிடவும் கூடாது. ‘சார் தொட்டாரா?’ என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டுகிறீர்கள். ‘அங்கே என்ன நடக்கும், சொல்லும்மா’ போதும். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு எழுதுங்கள். ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆளாளுக்கு மறுபடி விசாரிப்பதும் வேண்டாம். சம்பவம் அண்மையில் என்றால் குளிப்பாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். உடுப்பைக் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும்.

அதே ஆசிரியை: நிர்வாகம் ‘நாங்களே பேசிக்கொள்கிறோம்’ என்றால்?

பேசட்டும், நீங்கள் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, 19ஆம் பிரிவின்படி பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தகவல் சொல்வது கட்டாயம்; நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு பாயாது. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. சீருடை இல்லாத போலீஸ் அதிகாரி, கூடியவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண், வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கலாம்.