இரண்டாவது ரவுட்டர்: பழுது பெட்டியிலா, இணைப்பிலா?

வீட்டுக்குள் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைத்தவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கீழ்த்தளத்தில் இணைய நிறுவனம் வைத்த ரவுட்டர் இருக்கிறது. மாடிக்குச் சிக்னல் எட்டாததால் புதிதாக ஒரு ரவுட்டர் வாங்கி, சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேபிளில் இணைத்தேன். கைபேசியில் வைஃபை கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. ஆனால் 'இணையம் இல்லை' என்கிறது. சில நேரம் தானாகவே சரியாகிறது. சில நேரம் கீழ்த்தளத்திலும் சேர்ந்து போய்விடுகிறது. கடையில் ஒருமுறை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியும் அப்படியே. மறுபடி போனால் 'இதில் பழுது ஒன்றும் இல்லை' என்கிறார்கள். வேறு நிறுவனத்தின் ரவுட்டரை வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். கடைக்காரர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. அடுத்தடுத்து வாங்கிய இரண்டு பெட்டிகள் ஒரே நோயில் விழுவது அபூர்வம். தவிர, 'கீழ்த்தளத்திலும் சேர்ந்து போய்விடுகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். துப்பு அங்கேதான் இருக்கிறது. பழுதான ரவுட்டர் பெரும்பாலும் தன்னளவில் முடங்கும். நன்றாக வேலை செய்யும் ரவுட்டரைத் தவறான இடத்தில் செருகினால்தான் அது வீட்டையே முடக்கும்.

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். அதை வழங்குவது ரவுட்டரின் வேலை. அந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். முகவரியோடு சேர்த்து 'வெளியே போக வாசல் இது' என்றும் ரவுட்டரே சொல்லிவிடும். புதிய ரவுட்டர் எதுவானாலும், வீட்டில் தான் ஒருவனே என்ற நினைப்போடுதான் பெட்டியிலிருந்து இறங்குகிறது. நீங்கள் மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரே மாதிரி வரிசையாக இருப்பவை லேன். வேறு நிறத்திலோ சற்றுத் தள்ளியோ இருக்கும் ஒற்றைப் போர்ட் வான்; வெளியிலிருந்து இணையம் ரவுட்டருக்குள் நுழைவது அதன் வழியாகத்தான். இப்போது ஒரு கைபேசி வந்து முகவரி கேட்டால் இரண்டு ரவுட்டர்களும் பதில் சொல்கின்றன. எது முந்துகிறதோ, பெரும்பாலும் அதன் பேச்சைத்தான் கைபேசி கேட்கும். கீழே உள்ளது முந்தினால் இணையம் வரும். மாடியில் உள்ளது முந்தினால் அது தன்னையே வாசலாகக் காட்டும்; அதன் வான் போர்ட்டிலோ ஒன்றும் செருகியிருக்காது. 'சில நேரம் தானாகவே சரியாகிறது' என்பதன் மர்மம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கலாம். பல ரவுட்டர்கள் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியோடுதான் தொழிற்சாலையை விட்டு வருகின்றன. உங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் அது ஒன்றாகவே அமைந்துவிட்டால், கீழ்த்தளத்தில் ஒழுங்காக முகவரி வாங்கிய கணினிகூட எந்த வாசலுக்குப் போவது என்று தடுமாறும். ஓர் உறையில் இரண்டு கத்தி.

ஊகத்தை முதலில் சோதித்துவிடுங்கள். மாடி ரவுட்டரைக் கீழே கொண்டுவந்து முதல் ரவுட்டருக்கு அருகிலேயே வைத்து, பெட்டியோடு வந்த சிறு கேபிளால் அதே போர்ட்டில் இணையுங்கள். அப்போதும் அதே கூத்து என்றால் சுவருக்குள் ஓடும் கேபிள் நிரபராதி. கீழே ஒழுங்காக ஓடி மாடிக்குப் போனால் மட்டும் தகராறு என்றால் கேபிளைப் பிடியுங்கள். இணையம் வராத நேரத்தில் கணினி வாங்கியிருக்கும் முகவரியையும் பார்க்கலாம். 192.168 என்று தொடங்கினால் யாரோ கொடுத்திருக்கிறார்கள். 169.254 என்று தொடங்கினால் யாருமே கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது; அப்போது சந்தேகம் கேபிளின் மேல்தான் முதலில் விழ வேண்டும்.

இனி வைத்தியம். புதிய ரவுட்டர் என்பதால் அதன் அமைப்புப் பக்கத்தில் (உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் திறப்பது) 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற பயன்முறை இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். முகவரி வழங்குவதை நிறுத்திக்கொண்டு வெறும் வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும். அதன்பின் அதன் சொந்த முகவரி மாறியிருக்கும். பழைய முகவரியைத் தட்டிவிட்டு 'உள்ளேயே போக முடியவில்லை, கெட்டுவிட்டது' என்று மறுபடி கடைக்கு ஓட வேண்டாம். கீழ் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்தால் புது முகவரி அங்கே இருக்கும்.

அந்தப் பயன்முறை இல்லாத பழைய மாதிரி என்றால் கையால் செய்ய வேண்டும். மாடி ரவுட்டரை வீட்டு இணைப்பிலிருந்து பிரித்து ஒரு கணினியோடு மட்டும் இணையுங்கள். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (கீழே உள்ளது 192.168.1.1 ஆக இருந்து, 2-ஆம் எண்ணை அது வேறு கருவிக்கு வழங்காமல் இருந்தால்). சேமித்த பிறகு புது முகவரியில் மறுபடி உள்ளே போய், அதன்பிறகே டிஎச்சிபியை அணைக்க வேண்டும். வரிசை முக்கியம். நான் ஒருமுறை அவசரத்தில் டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டேன். ரவுட்டர் அணைந்து எழுந்தது. என் கணினிக்கு முகவரி கொடுக்க ஆளில்லை. உள்ளே போக வழியும் தெரியவில்லை. கடைசியில் பல்குத்தும் குச்சியால் பின்பக்கத்து ரீசெட் துளையைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எல்லாம் முடிந்ததும் கேபிளை லேனிலிருந்து லேனுக்கே செருகுங்கள். கைபேசியில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் மாடி ரவுட்டர் முன்பு கொடுத்த பழைய முகவரியை அது சிறிது நேரம் விடாமல் வைத்திருக்கும்.

கேள்வி: நான் இரண்டாவது ரவுட்டரை வான் போர்ட் வழியாக இணைத்திருக்கிறேன். இணையம் நன்றாக வருகிறது. ஆனால் மாடிக் கணினிக்குக் கீழே உள்ள பிரின்டர் தெரியவில்லை. பிரின்டர் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசினால் புது மாடல் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: விற்கத் தெரிந்தவர்கள். வான் போர்ட்டில் இணைத்ததும் மாடி ஒரு தனி வலையமைப்பாகிவிட்டது. கருவிகள் ஒன்றையொன்று தேடிக் கூவும் குரல் ரவுட்டரைத் தாண்டாது. அதனால் பிரின்டர் பட்டியலில் வராது. பிரின்டரின் ஐபி முகவரியைக் கணினியில் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அச்சாகிவிடும். மாடியிலிருந்து கீழே போகும் வழி திறந்திருக்கிறது. கீழிருந்து மாடிக்குத்தான் அடைப்பு. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் முதல் பதிலில் சொன்ன ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த ஒருவழிப் பாதை தெரியாமல் சிலர் ஒரு தவறு செய்கிறார்கள். குடியிருப்பவருக்கோ விருந்தினருக்கோ தனி வைஃபை வேண்டும் என்று இரண்டாவது ரவுட்டரை இப்படி வான் வழியாக இணைத்து, அவர்களை அதில் விடுகிறார்கள். பிரித்துவிட்டோம் என்று நிம்மதி. நடப்பது தலைகீழ்: இரண்டாவதில் இருப்பவர் முதலாவதில் உள்ள உங்கள் பிரின்டரையும் கேமராவையும் எட்ட முடியும்; உங்களால்தான் அவருடையதை எட்ட முடியாது.

கேள்வி: இணைப்பு வேகம் 300 மெகாபிட். முதல் ரவுட்டர் அருகே அது கிடைக்கிறது. மாடியில் எத்தனை முறை சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. ரவுட்டர் பெட்டியிலோ 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஏமாற்றுதானே?

பதில்: 94 என்ற எண்ணை எழுதியதற்கு நன்றி, பாதி வேலை முடிந்தது. சிக்னல் பலவீனமாக இருந்தால் வேகம் ஒருமுறை 60, ஒருமுறை 130 என்று அலைபாயும். விடாமல் 94, 95-லேயே முட்டி நிற்கிறது என்றால் வழியில் எங்கோ 100 மெகாபிட் இணைப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தரவோடு சேர்ந்து போகும் உறைகளுக்கான கழிவு போக, 100-இல் கையில் கிடைப்பது அவ்வளவுதான்.

குற்றவாளி இருவரில் ஒருவர். முதலாமவர் ரவுட்டரின் போர்ட். 'ஏசி1200' என்பதில் உள்ள 1200 வைஃபையின் கணக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கியது. எந்தக் கைபேசியும் இரண்டு அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் அவ்வளவையும் உறிஞ்சப் போவதில்லை. அந்த எண் கேபிள் போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. 1200 என்று முகப்பில் போட்டுக்கொண்டு, பின்னால் 100 மெகாபிட் போர்ட்டுகளை வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. பொய் என்று சொல்ல முடியாது; நேர்மை என்றும் நான் சொல்ல மாட்டேன். வாங்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிறிய எழுத்தைத் தேடுங்கள். போர்ட்டுகளுக்கு எதிரே '10/100' என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். '10/100/1000' அல்லது 'கிகாபிட்' என்று இருக்க வேண்டும்.

இரண்டாமவர் கேபிள். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி முறிந்தாலும் பல கருவிகள் புகார் சொல்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். யார் குற்றவாளி என்று பார்க்க, மாடிக்கு வரும் கேபிளை ரவுட்டரிலிருந்து பிடுங்கி, கிகாபிட் போர்ட் உள்ள மடிக்கணினியில் நேரடியாகச் செருகுங்கள். விண்டோஸில் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டினால் கேபிள் சரி, ரவுட்டரை மாற்ற வேண்டியதுதான். 100 என்று காட்டினால் கேபிள் அல்லது அதன் முனைகள். கீழ் ரவுட்டரில் வேறு போர்ட்டில் மாற்றிச் செருகியும் ஒருமுறை பாருங்கள்.

முனைகளைப் பற்றி ஒரு சங்கதி. கேபிள் போட வந்தவர் முனையில் கம்பிகளை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார் என்று கண்ணாடி போன்ற அந்தப் பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை இரண்டும் பிரிந்து நடுவில் நீலங்கள் நிற்பதைக் கவனியுங்கள். பார்க்க ஒழுங்காக இல்லையே என்று சிலர் பச்சையைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்து அழகாக அடுக்கிவிடுவார்கள், இரு முனையிலும் ஒரே மாதிரி. விளக்கு எரியும் சாதாரண டெஸ்டரில் 1 முதல் 8 வரை வரிசையாக எரியும்; 'பாருங்கள், எல்லாம் சரி' என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் 3-ஆம், 6-ஆம் இடங்கள் ஒரே முறுக்கின் இரு கம்பிகளாக இருந்தால்தான் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் அடங்கும். அழகாக அடுக்கிய கேபிள் நீளம் கூடக்கூட வேகம் குறைந்து அறுந்து அறுந்து ஓடும். முனைகளை வெட்டி மறுபடி போடச் சொல்லுங்கள். சுவரை உடைக்க வேண்டியதில்லை.

புதிதாகக் கேபிள் வாங்குபவர்களுக்கு: 'கேட்5இ' என்ற ரகம் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதை விலை குறைவு என்று எடுக்காதீர்கள்; முழுத் தாமிரமாகக் கேளுங்கள்.

கேள்வி: மாடிக்குப் போன பிறகும் கைபேசி கீழ் ரவுட்டரின் மெலிந்த சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைக்கலாமா?

பதில்: ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள். எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது கைபேசிதான். சில கைபேசிகள் பிடிவாதக்காரர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை 1-ஆம் சேனலிலும் மற்றதை 6 அல்லது 11-லும் ஓட்டுங்கள். கீழ் ரவுட்டரின் ஒலிபரப்புச் சக்தியைக் குறைக்கும் வசதி இருந்தால் ஒரு படி குறைத்துப் பாருங்கள். பலரும் கூட்டத்தான் நினைக்கிறார்கள். அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவியை வைஃபையிலிருந்து எடுத்து, மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளால் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கேபிள் போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு ரவுட்டர்களின் லேன் போர்ட்டுகளுக்கு இடையே இரண்டு கேபிள் போட்டேன். எல்லா விளக்குகளும் ஒன்றாகப் படபடவென மின்னுகின்றன. வீடு முழுக்க இணையம் போய்விட்டது. இரண்டையுமே சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா?

பதில்: ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். ஒரு கேபிள் வழியாகப் போன செய்தி மற்றதன் வழியாகத் திரும்பி வந்து முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. விளக்குகள் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் இரண்டு பெட்டிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.