தினசரிப் புகைப்படம் எடுப்பதில் உங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கும் சின்ன விஷயம் எது? அதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டுமா?

எனக்கு அது சாரல். சாரலைப் படத்தில் தெரிய வைப்பது. 2016-லிருந்து இந்த ஒன்றுதான் என்னைத் தினமும் வெளியே இழுக்கிறது. கேமராவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் செங்கோட்டைக்காரன். பிரானூர் பார்டர் பக்கத்தில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதுகிறேன். பார்டர் என்றதும் வெளியூர்க்காரர்கள் இங்கேதான் கேரளா ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை எல்லை எங்கள் ஊருக்கும் தென்காசிக்கும் நடுவில் இருந்தது. இப்போது எல்லை மேற்கே கோட்டைவாசலுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பரோட்டாக் கடைகளோடு இங்கேயே நின்றுவிட்டது.

சாரல் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும். மேகத்தை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து, மழையில் பெரும்பகுதியை அந்தப் பக்கமே கொட்ட வைத்துவிடும். ஆனால் ஆரியங்காவில் மலை தாழ்ந்து வழி விடுகிறது. ரோடும் ரயிலும் போவது அந்த வழியில்தான், காற்று வருவதும் அந்த வழியில்தான். கனத்தையெல்லாம் புனலூர்ப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு, பொடித்துளியை மட்டும் தூக்கிக்கொண்டு வரும். வெயிலும் அடிக்கும், முகமும் நனையும். குடை விரித்தால் காற்று அதை மடக்கிப் போடும் என்பதால் எங்கள் ஊர் ஆட்கள் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள்.

என் தாய்மாமா துபாயில் இருக்கிறார். போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜூன் முதல் வாரம் அவரிடமிருந்து போன் வரும். எல்லாருடைய நலத்தையும் கேட்டு முடித்தபின், "சாரல் விழுந்தாச்சா மாப்ள?" என்பார். 2016-ல் நான் முதல் ஸ்மார்ட்போன் வாங்கியிருந்தேன். ஆசையாக இருபது படம் எடுத்து அனுப்பினேன். நனைந்த ரோடு, சொட்டுகிற வாழை இலை, கரண்ட் கம்பியில் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காக்கை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "ஈரம் தெரியுது மாப்ள, சாரல் தெரியலையே."

அவர் சொன்னது சரி. படத்தில் இருந்ததெல்லாம் மழை விட்ட பிறகு எடுத்த மாதிரி இருந்தது. வீடியோ அனுப்பிப் பார்த்தேன், அதில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது.

ஃபிளாஷ் போட்டால் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துளிகள் மட்டும் பெரிய வெள்ளை உருண்டைகளாக விழும், பேய்ப்படம் மாதிரி. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் வெறும் சாம்பல் வானம். காரணம் தெரியாமலே இரண்டு சீசன் போனது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் தொழில் அதுதானே. சாரல் துளி அரை மில்லிமீட்டர் கூடத் தேறாது. அரை மில்லிமீட்டர்த் துளி காற்றே இல்லாவிட்டால் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்தில் இறங்கும். கோடை மழையின் பெருந்துளி என்றால் 9 மீட்டர் வரை. சாரல் மெதுவாகத்தான் விழுகிறது, ஆனால் எங்கள் ஊர்க் காற்று அதைச் சும்மா விழ விடாது. காற்று நொடிக்கு 8 மீட்டர் அடித்தால் துளி கீழே போவதைப்போல நான்கு மடங்கு குறுக்கே போகும். கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அந்தப் பொடித்துளி 14 சென்டிமீட்டர் ஓடிவிடும். கடுகை விடச் சின்னத் துளியில் பட்ட வெளிச்சத்தை அரைச் சாணுக்கு மேல் இழுத்துத் தேய்த்தால் என்ன மிஞ்சும்? அதனால்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஷட்டரை வேகப்படுத்தியும் வேலை பாதிதான் முடிந்தது. மீதியைச் சொல்லிக்கொடுத்தது மில்.

எங்கள் மில்லின் தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டைகள் உண்டு. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வெயில் சரிந்து அந்த ஓட்டை வழியாக ஒரு கம்பு மாதிரி உள்ளே இறங்கும். ரம்பம் ஓடும்போது அந்த வெயில் கம்புக்குள் மரத்தூள் ஒவ்வொன்றாகப் பறப்பதைப் பார்க்கலாம். கம்புக்கு வெளியேயும் அதே தூள்தான் பறக்கிறது, மூக்கில் ஏறுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. தினமும் பார்த்த காட்சி அது. ஒரு நாள் தற்செயலாக மேசையை மாற்றிப் போட்டார்கள். வெயில் என் முதுகுப் பக்கம் ஆனது. அன்றைக்குத் தூளே தெரியவில்லை. மறுபடி எதிர்ப்பக்கம் போய், வெயிலைப் பார்க்கிற மாதிரி நின்றேன். தூள் தகதகவென்று எரிந்தது, பின்னால் இருண்ட சுவர்.

அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை நாளும் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, வெளிறிய வானத்தைப் பின்னால் வைத்துச் சாரலை எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினால் எப்படித் தெரியும்? துளிக்குப் பின்பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டு வேண்டும்.

எங்கள் ஊருக்கு மலை மேற்கே. ஆகவே நாலரையிலிருந்து ஐந்தரைக்குள், சூரியன் மலைக்கு மேல் நிற்கும்போது, புளியரை வயல் வரப்பில் மேற்கு பார்த்து நின்றால் எல்லாம் கூடி வரும். கறுத்த மலை பின்னால், வெயில் எதிரே, நடுவில் வெள்ளி நூலாகச் சாரல். சூரியனை ஒரு பனை மரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் வெளிச்சம் வழிந்து எல்லாம் வெளுத்துவிடும்.

காலையில் கதையே தலைகீழ். சூரியன் கிழக்கே, சாரல் மேற்கே. சூரியனுக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்தால் துளி தெரியாது, ஆனால் வானவில் தெரியும். சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானவில் கிடையாது. ஜூனில் எங்கள் ஊரில் அது காலை ஒன்பது தாண்டியதும் நடந்துவிடும். முழு வில் குறுக்கே 84 டிகிரி இருக்கும் என்பதால் போனின் சாதாரண லென்ஸில் அடங்காது, அகன்ற லென்ஸுக்கு மாற்ற வேண்டும். ஊர் முழுக்க வானவில்லைத்தான் படம் எடுக்கிறது. எனக்கு அதில் பெரிய ஆசை வரவில்லை, மாமா கேட்டது அது இல்லையே.

ஷட்டர் வேகத்தில் என் முடிவு 1/250. அந்த வேகத்தில் துளி மூன்று சென்டிமீட்டர்ச் சாய்கோடாக விழும். 1/1000 வைத்தால் கோடு சுருங்கிப் புள்ளியாகி, தூசி பறக்கிற மாதிரி இருக்கிறது. கோடு இருந்தால்தான் காற்று தெரியும், காற்று இல்லாமல் என்ன சாரல்?

அப்புறம், கேமராவின் வெளிச்ச அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். இருண்ட மலையைக் காட்டினால் வெளிச்சத்தைக் கூட்டி மலையை வெளிற வைத்துவிடும், கோடுகள் அதில் கரைந்துவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள். போனில் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். மூடுபனிக்கு இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு ஸ்டாப் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும்.

போனில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்றைய போன்கள் ஒரு அழுத்தலில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றன. ஒரு படத்தில் தெரிந்து அடுத்த படத்தில் தெரியாத புள்ளியைப் பிசிறு என்று எண்ணித் துடைத்துவிடும். ஐயோ, அந்தப் பிசிறுதானே நமக்கு வேண்டும்! புரோ மோட் இருந்தால் அதில் எடுங்கள், ஷட்டரையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தேடிப் படித்த நாட்களில்தான் வில்சன் பென்ட்லி என்ற மனிதரைத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி. நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி 1885-ல் ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். 1931-ல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். எல்லாம் தன் சொந்த ஊரிலேயே. அவர் மழைத்துளியையும் விடவில்லை. தட்டில் மாவைச் சலித்துப் பரப்பி மழையில் ஒரு கணம் நீட்டுவார். துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டு சின்ன உருண்டையாகும், காய்ந்ததும் அதை அளப்பார். நானும் தாம்பாளத்தில் மைதாவைப் பரப்பி முற்றத்தில் நீட்டினேன். ரவை மாதிரி உருண்டைகள் கிடைத்தன. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச மாவில் பசை காய்ச்சித் தங்கை மகனின் நோட்டுகளுக்கு அட்டை போட்டுவிட்டார். அந்த ரவை உருண்டைகளைப் பார்த்த சந்தோஷம் இன்னும் எனக்குப் போகவில்லை.

இனி கேமரா. 2018-ல் கைமாறி வந்த ஒரு பழைய கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் வாங்கினேன். இப்போதும் அதுதான். எடுக்கிற படத்தில் பாதிக்கு மேல் போனில்தான். ஆகவே விலை உயர்ந்தது வேண்டாம். ஆனால் இருப்பதைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். மலையோரத்தில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதல் வருடம் லென்ஸை அதன் தோல் உறையிலேயே போட்டுப் பீரோவில் வைத்தேன். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று தெரியாது. சீசன் முடிந்து எடுத்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. திருநெல்வேலியில் ஒருவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார், ஆனாலும் மேல்பூச்சை அது அரித்த தடம் அப்படியேதான் இருக்கிறது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர், இவ்வளவுதான். மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், வறுத்தால் மறுபடி நீலமாகும். ஆனால் அதன் நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. சமைக்கிற தோசைக்கல்லில் வறுக்காதீர்கள், அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்குங்கள். நனைந்த கேமராவை அரிசிக்குள் போட்டு வைக்கும் வேலையும் வேண்டாம், அரிசி மாவுத்தூள் இடுக்கில் ஏறும். நனைந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பேட்டரியைக் கழற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள்.

கடைசியாக, இந்த ஜூனில் எடுத்த ஒரு படத்தைப் பற்றி. பகவதிபுரம் ஸ்டேஷன் மலைச்சுரங்கத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் இருக்கும் சின்ன ஸ்டேஷன். இந்தப் பாதை 1904-ல் வந்தது. மாமாவின் இளமைக்காலமெல்லாம் இதில் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிதான். 2010-ல் பாதையை அகலமாக்க வண்டியை நிறுத்தினார்கள், 2018-ல்தான் திரும்ப வந்தது. மாமா இந்தப் புதுப் பாதையில் இன்னும் போகவில்லை. அன்று மதியத்துக்கு மேல் மலை இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் இல்லை, ஆகவே எதிர்வெளிச்சத்துக்கு வழி இல்லை என்று கிளம்பப் போனேன். அப்போது கொல்லம் பக்கமிருந்து வண்டி வரும் சத்தம். முகப்பு விளக்கு எரிந்துகொண்டு வந்தது. விளக்குக்கும் எனக்கும் நடுவில் இருந்த சாரல் முழுக்க ஒரே நொடியில் பற்றிக்கொண்டது. ஆயிரம் கோடுகள், எல்லாம் ஒரே சாய்வில், பின்னால் கரிய மலை. நான்கு படம் எடுத்தேன். மூன்றாவது நன்றாக வந்திருந்தது.

மாமாவுக்கு அனுப்பினேன். பதில் எழுதவில்லை, ராத்திரி போன் செய்தார்.

"மேக்காத்து நல்லா அடிக்குது போல. நம்ம ஊர்ல இருந்து நடந்தே போவோம்டா அந்த ஸ்டேஷனுக்கு." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆமா, பிளாட்பாரத்துக் கடைசியில ஒரு புளியமரம் நிக்குமே, அதைக் காணோமே மாப்ள, வெட்டிட்டாங்களா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மூலை சாரலில் மறைந்திருந்தது. நாளைக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.