நாய் சிறுநீரில் கருகிய புல்தரை: அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

கேள்வி: கோவையில் ஒரு தனி வீட்டில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். முன்பக்கம் சுமார் 600 சதுர அடிக்குக் கொரியன் புல்தரை. எங்கள் பெண் லாப்ரடார் அங்கேதான் சிறுநீர் கழிக்கும். பன்னிரண்டு இடங்களில் புல் வட்டமாகக் கருகிவிட்டது. இரண்டு மாதத்தில் காலி செய்யப்போகிறோம். "மொத்தப் புல்லையும் மாற்ற 60,000 ரூபாய் ஆகும், அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்" என்கிறார் வீட்டுக்காரர். ஒப்பந்தத்தில் நாய் வளர்க்க அனுமதி உண்டு. அதனால் வரும் சேதத்துக்கு நாங்களே பொறுப்பு என்றும் இருக்கிறது. அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகி

பதில்: சேதத்துக்கு நீங்கள் பொறுப்புதான், அம்மா. ஆனால் 60,000 ரூபாய்க்குப் பொறுப்பல்ல.

வாடகைக்கு எடுத்த இடத்தை, இயல்பான தேய்மானம் போக, வாங்கிய நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. நடந்து நடந்து புல் மெலிந்தால் அது தேய்மானம். நாய் சிறுநீரில் கருகியதை அப்படிச் சொல்லி வாதாட முடியாது, முயலவும் வேண்டாம்.

அடுத்தது தொகை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவுப்படி உண்மையில் ஏற்பட்ட இழப்புக்குத்தான் ஈடு கேட்கலாம். ஒரு வட்டம் ஓரடி அகலம் என்று வைத்தால்கூடப் பன்னிரண்டும் சேர்ந்து 10 சதுர அடி வராது. அதற்காக 600 சதுர அடியையும் பெயர்த்துப் போடும் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஒப்பந்தத்தில் அபராதம் என்று ஒரு தொகையே எழுதியிருந்தாலும், 74-ஆம் பிரிவின் கீழ் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும்.

பன்னிரண்டும் நாயால் வந்தவைதானா என்று முதலில் பாருங்கள். சிறுநீர் பட்ட இடத்தில் நடுவில் வைக்கோல் நிறமும், சுற்றிலும் செழித்த கரும்பச்சை வளையமும் இருக்கும். சிறுநீரிலுள்ள நைட்ரஜன் நடுவில் அளவு மிஞ்சி எரிக்கிறது, ஓரத்தில் உரமாகிறது. வளையம் இல்லாமல், கையால் இழுத்தால் பாய் போலப் புல் மொத்தமாகக் கையோடு வந்தால், அது வேர்ப்புழுவின் வேலையாக இருக்கலாம். அதை நாயின் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அளவு நாடாவை வைத்து இன்றே படம் எடுங்கள். எடுத்த போனைப் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்க, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.

இரண்டு மாத அவகாசம் இருப்பதுதான் உங்கள் பெரிய பலம். சாவியைக் கொடுக்கும் நாளில் சேதமே இல்லையென்றால் கழிக்க என்ன இருக்கிறது? "கருகிய இடங்களை என் செலவில் சரிசெய்கிறேன்" என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கருகிய இடத்தில் நீரை நன்றாக விட்டு ஊறவையுங்கள். பிறகு செத்த புல்லோடு இரண்டு மூன்று அங்குல மண்ணையும் எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி, நர்சரியில் அதே ரகப் புல் வாங்கிப் பதியுங்கள். அருகம்புல் தானே ஓடிப் பரவும். கொரியன் புல் மெதுவாகத்தான் பிடிக்கும். ஆகவே இந்த வாரமே ஆரம்பியுங்கள். நர்சரி பில்லைத் தொலைத்துவிடாதீர்கள், சேதத்தின் உண்மையான மதிப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதுவரை நாயை மணல் கொட்டிய ஒரு மூலைக்குக் கயிறு கட்டிக் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். தவறிப் புல்லில் போனால் உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். சோடா மாவு தூவச் சொல்வார்கள், வேண்டாம். அதிலும் உப்புதான் இருக்கிறது. சிறுநீரை மாற்றும் என்று சொல்லி விற்கும் மாத்திரைகளைக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். புல்லுக்காக அந்த ஜீவன் கஷ்டப்படக் கூடாது.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும். தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ்; அதற்கும் மசியாவிட்டால் வாடகை நீதிமன்றம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருந்தால் அந்தப் பதிவு எண்ணை நோட்டீஸில் குறிப்பிடுங்கள்.

சாவி கொடுக்கும்போது இருவரும் சேர்ந்து புல்தரையைச் சுற்றி வாருங்கள். எந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சாவியை நீட்டுங்கள்.