கொழுப்பு 18ஆ, 24ஆ?

கேள்வி: எனக்கு 21 வயது, உயரம் 170 செ.மீ., எடை 64.5 கிலோ. வீட்டு எடை மெஷின் உடல் கொழுப்பு 18 சதவீதம் என்கிறது. ஜிம் மாஸ்டர் காலிப்பரால் தோலைக் கிள்ளிப் பார்த்து 24 என்கிறார். எதை நம்புவது? ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடட்டுமா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முதலில் ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுங்கள் தம்பி. இந்த இரண்டு எண்ணில் எதற்காகவும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

உங்கள் மெஷின் கொழுப்பை நேராக அளப்பதில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், அதனால் மின்சாரம் சுலபமாகப் போகும்; கொழுப்பில் அப்படிப் போகாது. அதிலிருந்து உடம்பில் உள்ள தண்ணீரைக் கணக்கிட்டு, வயது, உயரம், எடையையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, கொழுப்பு இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது. ஓடி வியர்த்துவிட்டு ஏறினால் ஒரு எண், தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறு எண் வருவது இதனால்தான். அதோடு மின்சாரம் காலோடு சுற்றிப் போய்விடுவதால் தொப்பை கிட்டத்தட்டக் கணக்கிலேயே வராது!

காலிப்பர் பழகிய கையில் இருந்தால் நல்ல கருவிதான். ஆனாலும் 3, 4 சதவீதம் முன்னே பின்னே போகும், கிள்ளும் இடம் ஒரு விரற்கடை தள்ளினாலே எண் மாறும். ஆக உங்கள் 18, 24 இரண்டும் ஒரே உடம்பின் கணக்காக இருக்க முடியும்.

சரி, உங்கள் பி.எம்.ஐ., அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண், 22.3. பி.எம்.ஐ.யிலிருந்து கொழுப்பை ஊகிக்க நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1991-ல் வெளியிட்ட டியூரன்பெர்க் சூத்திரத்தில் அதையும் உங்கள் வயதையும் போட்டால் 15.4 சதவீதம்தான் வருகிறது. அது ஐரோப்பிய உடம்புகளை அளந்து செய்த கணக்கு. நமக்குக் குறைத்துக் காட்டும். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. உங்களுடைய அதே 22.3, ஆனால் கொழுப்பு யட்கினுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2!

அதனால் நான் உங்கள் கையில் ஒரு இஞ்சு டேப்பைத்தான் கொடுப்பேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றைச் சுற்றி, மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை, பெண்களுக்கு 80. மெஷினை விட மனசில்லையென்றால் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் வாரம் ஒருமுறை மட்டும் ஏறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.