ட்ரிப் சுவிட்ச்சைக் கழற்றச் சொல்பவரிடம் வேலை கொடுக்கலாமா?

கேள்வி: கொக்குவிலில் அம்மா தனியாக இருக்கும் பழைய வீடு. மழை தொடங்கினால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகிவிடுகிறது. வழமையாக வரும் கரண்ட் வேலைக்காரர், "அதைக் கழற்றிப்போட்டு நேரே குடுப்பம், பிரச்சினை வராது" என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணாவோ லைசன்ஸ் உள்ளவரைத்தான் பிடிக்க வேண்டும் என்று நிற்கிறார். அப்படி ஒருவரை எப்படி இனங்காண்பது?

பதில்: அண்ணா சொல்வதைக் கேளுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் என்பது கரண்ட் வழிதவறி ஒழுகினால் தானாக விழுந்து நிறுத்தும் சுவிட்ச்; வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழும். ஒரு ஆளைக் காப்பாற்றுவதற்கென்று வைத்த அளவு அது. மழைக்கு விழுகிறதென்றால் எங்கோ ஈரத்தில் கரண்ட் ஒழுகுகிறது. கிணற்றடி மோட்டருக்குப் போகும் வயரின் மூட்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அடுத்தது, வாசலில் எரியும் வெளி லைட். சுவிட்ச்சைக் கழற்றினால் விழுவது நிற்கும், ஒழுகுவது நிற்காது.

இனி ஆள் தேடும் விஷயம். மின்னியலாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் திட்டம் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவினுடையது. அதற்கு அடிப்படை என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ். இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். "கோவிக்கிறாரோ" என்று யோசிக்க வேண்டாம், தகுதி உள்ளவர் காட்டத் தயங்கமாட்டார். மின்சார சபையில் தெரிந்தவர் இருக்கிறார் என்பதெல்லாம் தகுதியாகாது. மீற்றருக்கு இந்தப் பக்கம் உள்ள வயரிங் முழுக்க உங்கள் பொறுப்பு.

அனுமதிப்பத்திரம் சரி என்றாலும் அவருடைய பையையும் பாருங்கள். டெஸ்டரும் குறடும் மட்டும் கொண்டு வந்தால் இந்த வேலைக்குக் காணாது. வயரின் மேலுறை கரண்டை ஒழுகவிடாமல் காக்கிறதா என்று அளக்கும் மெகர் வேண்டும், எர்த்தை, அதாவது ஒழுகும் கரண்டை நிலத்துக்குள் இறக்கும் இணைப்பை அளக்கும் மீற்றர் வேண்டும். ஒவ்வொரு சேர்க்கிட்டாகப் பிரித்து 500 வோல்ட்டில் மெகர் போட்டுப் பார்த்தால் எது ஒழுகுகிறதென்று தெரிந்துவிடும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது.

எர்த் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது ஊர் நிலம் அப்படி. வலிகாமத்தில் பல வளவுகளில் சில அடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். நிலத்தில் அடிக்கும் எர்த் கம்பி அதற்குமேல் இறங்காது. ஒரு வீட்டில் எர்த் கம்பியைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நீளம் இரண்டு சாண்கூட இல்லை. கல்லில் தட்டியதும் மிச்சத்தை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல ஆள் என்றால் ஈரம் நிற்கும் வேறு இடம் பார்ப்பார், ஒன்றுக்கு இரண்டு கம்பி அடித்து இணைப்பார், கடைசியில் அளந்து காட்டுவார். மாரியில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்லதாகத்தான் காட்டும். ஆவணியில், நிலம் காய்ந்து கிடக்கும்போது இன்னொரு தரம் அளக்கக் கேளுங்கள். பழைய வீடுகளில் எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாய் இப்போது பி.வி.சி. ஆகியிருந்தால் எர்த்தே இல்லை என்று அர்த்தம்.

கூலி பொயின்ட் கணக்கிலா (ஒவ்வொரு லைட்டுக்கும் பிளக்குக்கும் இவ்வளவு என்று) நாள் கணக்கிலா, சாமான் யார் வாங்குவது என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிளக்குகளுக்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்டது); லைட்டுக்குப் போடும் மெல்லிய வயரைப் பிளக்கிற்கும் இழுத்து மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சுருளில் எஸ்.எல்.எஸ். எனும் இலங்கைத் தர முத்திரையைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள 'T' (டெஸ்ட்) பொத்தானை அம்மாவையே அமத்தச் சொல்லுங்கள். உடனே விழ வேண்டும். மாதம் ஒரு தரம் அவரே செய்து பார்க்கலாம்.

அதுவரைக்கும் மழைக்குள் மோட்டரைப் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். இரண்டு நாளைக்குக் கப்பியில் அள்ளலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உதவ மாட்டார்களா என்ன.